பங்கு ஏற்கப்பட்டது

அத்தியாயம் 6

ஆர்மிந்தா ஸ்டிடமின் இடது முழங்கால் காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து உட்காரக்கூட முடியாத தாழ்ந்த சுரங்கங்களில் இளமை முழுக்கத் தவழ்ந்து நிலக்கரி எடுத்த முழங்கால் அது. கென்டக்கி மலையில் குளிர் இறங்கினால் அவளுக்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும். ட்ரக்கின் கதவைத் திறந்து காலைத் தரையில் வைத்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"தூக்கி விடவா, இல்ல இங்கயே கூடாரம் போட்டுருவமா?" என்றான் க்ளெல்.

"வாய மூடிட்டு டார்ச்ச எடு."

"மூடினா பசி தெரியுது முதலாளியம்மா. காலையில சாப்பிட்டது ஒரு பிஸ்கட்டு. அதுலயும் பாதி உங்க வயித்துல இருக்கு."

க்ளெல் ஃபியூகேட் அவளுடைய உதவியாளன். முன்பு மின்கம்பம் ஏறும் வேலையில் இருந்தான். மேலதிகாரியின் டோப்பாவைப் பற்றி வயர்லெஸ்ஸில் ஒரு ஜோக் அடித்தான். மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தது டோப்பாவுக்குச் சொந்தக்காரர். அதோடு வேலை போயிற்று. ஆர்மிந்தாவின் துப்பறியும் நிறுவனம் என்பது அவள், அவன், இந்த ட்ரக். ட்ரக்கிலும் ஹீட்டர் கிடையாது.

ஸ்டில்ஹவுஸ் ஓடைப் பள்ளத்தின் கடைசி வீடு எஸ்டில் நேப்பியருடையது. உள்ளே கட்டிலுக்கருகே ஆக்சிஜன் இயந்திரம் புஸ்ஸென்று ஊதி, டக்கென்று நின்று, மறுபடி ஊதிக்கொண்டிருந்தது. எஸ்டிலின் நெஞ்சுக்குள் ஆயுசு முழுக்கச் சேர்ந்த கரித்தூள். மூக்குக் குழாயைக் கழற்றினால் கட்டிலிலிருந்து கதவுவரை நடப்பதற்குள் உதடு நீலம் பாரித்துவிடும்.

அந்த இயந்திரத்துக்கான மின்சாரத்தை நாளை மதியம் வெட்டப் போகிறார்கள்.

ஒரு பல்பு, ஒரு டிவி, இந்த இயந்திரம். வேறெதுவும் அந்த வீட்டில் ஓடவில்லை. சூட்டுக்குக் கரி அடுப்பு. ஆனால் மீட்டர் மரமறுக்கும் ஆலைக்குச் சுற்றுவதுபோலச் சுற்றியிருந்தது. மின்கூட்டுறவுக்காரர்கள் வந்து அக்கம்பக்கத்துக் கொட்டகைகளை எல்லாம் குடைந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனார்கள். டாக்டரின் கடிதத்தால் இரண்டு முறை தேதி தள்ளிப்போனது. மூன்றாவது முறை கிடையாது என்றுவிட்டார்கள். "யார் இழுக்குறாங்கன்னு நாளைக்கு மதியத்துக்குள்ள காட்டுங்க. பில்ல அவங்க பேருக்கு மாத்திடறோம்" என்று அலுவலகத்துப் பெண் போனில் சொல்லியிருந்தாள். எஸ்டிலின் மூச்சு இப்போது தொங்கிக்கொண்டிருந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

"அந்தச் சத்தம் இன்னைக்கு இருக்கா?" என்று கேட்டாள் ஆர்மிந்தா.

எஸ்டில் ஒரு விரலை உயர்த்தினார். மூவரும் காது கொடுத்தார்கள். வெளியே, எங்கோ மேலே, தேனீக்கூட்டத்தைத் தகர டப்பாவுக்குள் போட்டு மூடியதுபோல ஒரு ரீங்காரம். இரு பக்கமும் மலை நெருக்கும் பள்ளம் அது. சத்தம் எந்தப் பக்கம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

"ராவும் பகலும் இதேதான் மிந்தி" என்றார் எஸ்டில், ஊரார் ஆர்மிந்தாவைக் கூப்பிடும் பெயரில். இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினார். "பழைய சுரங்கத்து ஃபேன் மாதிரியே. நின்னாத்தான் எனக்கு முழிப்பு வருது."

"நிக்குமா?"

"பர்ல் சைஸ்மோர் போனப்ப நின்னுச்சு. அவன மண்ணுல வைக்கிற வரைக்கும் சத்தமே இல்ல. அப்புறம் ஹோபர்ட் டர்னர் போனப்ப."

"சாவுக்கு மரியாதை குடுக்குற மெஷினு" என்றான் க்ளெல். "எங்க மாமியா வீட்டுல ஒருத்தருக்கும் இந்தப் புத்தி கெடையாது."

ஆர்மிந்தா சிரிக்கவில்லை. "ஃபுட்பால் கோச் செத்தாரே, ஊரே தெரண்டு போச்சே, அன்னைக்கு?"

"அன்னைக்கு ஓடிச்சு."

"பேங்க்காரர் சாவுக்கு?"

எஸ்டில் யோசித்தார். "அன்னைக்கும் ஓடிச்சு. டிவி சத்தத்தையே கேக்க விடல."

"பர்லும் ஹோபர்ட்டும் கரி வெட்டினவங்க" என்றாள் அவள் மெல்ல. "கோச்சும் பேங்க்காரரும் இல்ல."

இந்த மலையில் பிறந்த யாருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சுரங்கத்து ஆள் ஒருவன் செத்தால் மற்றவர்கள் கருவியைக் கீழே போட்டுவிடுவார்கள். அவனைப் புதைக்கும்வரை ஒரு கூடை கரி வெளியே வராது. எந்த முதலாளியும் எழுதிக் கொடுத்த சட்டமல்ல. எந்த முதலாளியாலும் மாற்ற முடிந்ததும் இல்லை.

"அப்ப அந்த மெஷின்கிட்ட யூனியன் கார்டு இருக்குங்குறீங்க" என்றான் க்ளெல்.

"ஓட்டுறவன்கிட்ட இருந்திருக்கு." எஸ்டில் பக்கம் திரும்பினாள். "பர்ல் செத்தது லெக்ஸிங்டன் ஆஸ்பத்திரியில. பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடியே சத்தம் நின்னுச்சா?"

"விடியும்போதே நின்னுருச்சு."

"பர்ல் செத்தத உங்களுக்கு யார் சொன்னா?"

"லான்ஸோதான். வேற யாரு வர்றா இங்க?" எஸ்டிலின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "சாயங்காலம் ஆனா வந்துருவான். சாம்பல அள்ளுவான், அடுப்புக்குக் கரி போடுவான், ஒரு கிண்ணம் பீன்ஸ் வச்சுட்டுப் போவான். பர்லுக்குக் குழி தோண்டினதும் அவன்தான்."

ஆர்மிந்தா ஜன்னல் பக்கம் பார்த்தாள். லான்ஸோ ஹென்ஸ்லி, ஓடைக்கரைச் சபையின் மூப்பர். இந்தப் பக்கத்தில் எந்தச் சுரங்கத்து ஆள் கண்ணை மூடினாலும் முதல் தகவல் அவருக்குத்தான் போகும்.

அப்போது கதவிடுக்கில் ஒரு சாம்பல் நிறப் பூனை நுழைந்து, யாரையும் சட்டை பண்ணாமல் கட்டிலடியில் போய்ப் படுத்தது.

"இவன் பேரு ஃபோர்மன்" என்றார் எஸ்டில். "எல்லாரும் வேல பாக்கும்போது தூங்குவான்."

"பெரியவரே, உங்க ஃபோர்மன் எப்போலேருந்து வெள்ளை சாக்ஸ் போட ஆரம்பிச்சாரு?" என்றான் க்ளெல்.

பூனையின் நான்கு பாதமும் மாவில் முக்கியதுபோல வெளுத்திருந்தன. மரத்தரையில் கதவிலிருந்து கட்டில்வரை வெள்ளைக் காலடிகள். ஆர்மிந்தா வலித்த முழங்காலை மடக்கிக் குனிந்து, ஒரு காலடியை விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். சுண்ணாம்புக்கல் தூள். கரித்தூள் தீப்பற்றி வெடிக்காமலிருக்கச் சுரங்கத்தின் சுவரிலும் தரையிலும் இதைத்தான் அடிப்பார்கள். அவளுடைய தலைமுடியில் எத்தனையோ வருஷம் ஒட்டிக்கிடந்த தூள்.

"இந்த மலையில கடைசிச் சுரங்கம் மூடி எத்தன காலம் ஆச்சு" என்றாள். "இது புதுசா அடிச்ச தூள். எந்திரி க்ளெல். பூனை எங்க குளிர் காயுதோ அங்கதான் நம்ம ஆளு."

*

வெள்ளைக் காலடிகள் உறைந்த புல்லில் மங்கி, பாறையில் தெரிந்து, மறுபடி மங்கி, பழைய கரிவண்டிப் பாதையில் மேலே ஏறின. க்ளெல் முன்னால் போனான். ஆர்மிந்தா ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"ஒரு பூனைய நம்பி மலையேறுறோம்" என்றான் அவன். "போன மாசம் ஒரு வக்கீல நம்பி ஏறினோம். இதுவே தேவல."

பாதை மூடப்பட்ட சுரங்க வாயில் ஒன்றில் போய் முடிந்தது. வாயில் முழுக்கக் கான்கிரீட் கட்டைகள். மேலே மட்டும் ஒரு கட்டை விலகியிருந்தது. அதிலிருந்து வந்த காற்றில் பாறையிடுக்குப் பனி உருகிச் சொட்டியது.

"சூடா வருது!" என்றான் க்ளெல். "ஆனா சுரங்கத்துக் காத்து குளிர்காலத்துல வெதுவெதுன்னுதான இருக்கும்? அது எனக்கே தெரியும்."

"முகத்த வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தான்.

"என்ன வாசம்?"

"ஒண்ணும் இல்லயே. எங்க வீட்டு டிவி பின்னாடி அடிக்குமே, அந்த மாதிரி."

"அதான். சுரங்கத்துக் காத்து ஈரமா வரும். ஊறின மரம், கந்தகம், எலி மூத்திரம் எல்லாம் கலந்து அடிக்கும். உலர்ந்த காத்த எந்தச் சுரங்கமும் விடாது. பக்கத்துல எங்கயோ ஒரு அறையிலேருந்து இதுக்குள்ள ஊதி விடுறாங்க. சூட்டையும் சத்தத்தையும் மலை முழுங்கிக்கும்னு."

க்ளெல் சரிவில் கண்ணை ஓட்டினான். கொஞ்சம் தள்ளி, மலைக்குள் பாதி புதைந்த கல் கட்டடம் ஒன்று இருந்தது. சுரங்கத்தின் பழைய விளக்கறை. ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள் தலைவிளக்கைக் கழற்றி அங்கேதான் மின்னேற்ற மாட்டுவார்கள். சுவர் முழுக்க வரிசை வரிசையாகப் பிளக்குகள் இருக்கும்.

கதவுக்குப் பூட்டு இல்லை. உள்ளே கனத்த தார்ப்பாய்த் திரை. திரைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரா இருந்தாலும் உள்ள வந்துட்டுத் திரைய மூடுங்க. காத்து வீணாப் போகுது."

லான்ஸோ ஹென்ஸ்லி ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். வெளுத்த தாடி. தலையில் சுரங்கத் தொப்பி, மடியில் தகர உணவு வாளி. வேலைக்கு வந்த மனிதரின் உடுப்பு. சுவரும் தரையும் வெள்ளைவெளேரென்று சுண்ணாம்புத் தூள். விளக்குகள் மாட்டியிருந்த பலகைகளில் செங்கல் கட்டு அளவுக்கு இயந்திரங்கள் அடுக்கியிருந்தன. அவற்றில் பாதி செத்துக் கிடந்தன. மீதி காதைத் துளைத்துக்கொண்டிருந்தன.

"பிரதர் லான்ஸோ" என்றாள் ஆர்மிந்தா.

"வா மிந்தி. கால் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"உக்காரு. க்ளெல், அந்தப் பெட்டிய அக்காவுக்குப் போடு." அவர் குரலில் மாட்டிக்கொண்டவனின் படபடப்பு கொஞ்சமும் இல்லை. விருந்தாளியைப் பார்த்த சந்தோஷம்தான் இருந்தது. "ஒரு நாள் யாராவது வருவீங்கன்னு தெரியும். கணக்கு முடிஞ்சப்புறம் நானே எல்லாரையும் கூட்டி வந்து காட்டலாம்னு இருந்தேன்."

"இதெல்லாம் கெஸ்லர் கம்பெனி மெஷினா?"

"அவங்களதுதான்."

கெஸ்லரைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. வெளிமாநிலத்திலிருந்து வந்தவன். மூடிய சுரங்கத்தின் மின்லைனைக் குத்தகைக்கு எடுத்து, கம்ப்யூட்டர்களை ராப்பகலாகக் கணக்குப் போட வைத்து பிட்காயின் என்ற இணையக் காசை வெட்டியெடுக்கப் போகிறேன் என்றான். "கரியும் சுரங்கம், காசும் சுரங்கம், உங்களுக்குத்தான் இந்த வேலை தெரியும்" என்று சொல்லி, வேலையிழந்த பதினொரு பேரைச் சேர்த்தான். குளிர்காலம் முழுக்க வேலை வாங்கிக்கொண்டு, வசந்தத்தில் கம்பெனி திவால் என்றான். ஒருவருக்கும் கூலி வரவில்லை.

"நல்ல மெஷின எல்லாம் லாரியில ஏத்திட்டான்" என்றார் லான்ஸோ. "நாங்க வழிய மறிச்சு நின்னோம். அப்ப எறங்கி வந்து, 'கூலிக்குப் பதிலா இந்தப் பழசுகள வச்சுக்கோங்க, ஓட விட்டாலே காசு வரும், எல்லாத்தையும் நானே செட் பண்ணித் தர்றேன்'னான். சொன்னபடி செட் பண்ணியும் குடுத்தான். மத்த பயலுக நம்பல, துப்பிட்டுப் போயிட்டாங்க. நான் நம்பினேன்."

அவர் ஒரு மூலையைக் காட்டினார். சீட்டுக்கட்டு அளவில் ஒரு சின்னப் பச்சைப் பலகை. அதில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது, ஒரு பச்சை விளக்கு கண் சிமிட்டியது. அதிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒயர் ஓடியது. பக்கத்தில் பழைய டிவி ஒன்று அதன் திரையாக இருந்தது.

"இத்துனூண்டுதான் ஃபோர்மன்" என்றார். "முழுசா ஒரு கம்ப்யூட்டரு. வெளியிலேருந்து வேலைய வாங்கி அந்தத் தடியனுகளுக்குப் பிரிச்சுக் குடுக்கும். நடுவுல மாட்டிக்கிட்டு நின்னுட்டா ஒயரப் புடுங்கிட்டு மறுபடி சொருகணும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"பாதி மெஷின் ஏன் செத்துக் கெடக்கு?" என்றான் க்ளெல்.

"அது தெரியல. ஒண்ணொண்ணா மூச்சு நின்னு போச்சு."

க்ளெல் செத்துக் கிடந்த இயந்திரம் ஒன்றின் விசிறியில் விரலை விட்டுப் பார்த்தான். விரல் வெள்ளையாக வெளியே வந்தது. "ஏன் பிரதர், இங்க எதுக்குச் சுண்ணாம்புத் தூள்?"

"அடைச்ச அறை, கரண்டு, சூடு. தூள் அடிக்காம இருக்க முடியுமா? எனக்குத் தூக்கம் வராது."

க்ளெல் ஆர்மிந்தாவைப் பார்த்தான். அவள் லேசாகத் தலையசைத்தாள். அவளாக இருந்தாலும் தூள் அடித்திருப்பாள்.

"ஆனா பாரு" என்று லான்ஸோ டிவி பக்கம் சாய்ந்தார். திரையில் பச்சை எழுத்தில் வரி வரியாக ஏறிக்கொண்டிருந்தது: பங்கு ஏற்கப்பட்டது. பங்கு ஏற்கப்பட்டது. பங்கு ஏற்கப்பட்டது. "அஞ்சே அஞ்சு மெஷின வச்சுக்கிட்டு எவ்வளவு ஏத்திட்டேன்! ஒவ்வொரு வரியும் ஒரு பங்கு. கீழ மொத்தம் போட்டிருக்கு பாரு, லட்சத்துல. பதினொண்ணால வகுத்து எல்லாருக்கும் வச்சிருக்கேன். செத்தாலும் பர்லுக்குப் பங்கு உண்டு, அவன் பொண்டாட்டிக்குப் போகும். எஸ்டிலுக்கும் உண்டு. கடைசி மாசம் அவன்தான வாட்ச்மேன்!"

க்ளெல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். வழக்கமாக அவன் வாய் இந்நேரத்துக்கு இரண்டு கிண்டலாவது துப்பியிருக்கும்.

"பிரதர்" என்றான் கடைசியில். "இதுல இருக்கற பங்கு, நீங்க நெனைக்கிற பங்கு இல்ல."

"பங்குன்னா பங்குதானடா."

"உலகம் பூரா ஆயிரக்கணக்கான மெஷின் ஒண்ணாச் சேந்து தோண்டுது. யாரு எவ்வளவு ஒழைச்சாங்கன்னு தெரியணும்ல? அதுக்கு அப்பப்ப ஒரு அத்தாட்சி அனுப்பணும். கரி வண்டியில பித்தள வில்ல மாட்டி அனுப்புவீங்களே, இது இன்னார் ரொப்பின வண்டின்னு, அந்த மாதிரி. அதுக்குப் பேருதான் இங்க பங்கு. 'ஏற்கப்பட்டது'ன்னா, நீ வேல செஞ்சேன்னு ஒத்துக்கிட்டோம்னு அர்த்தம். கூலி குடுத்தோம்னு இல்ல."

லான்ஸோ வாளியின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். "சரி. வில்ல போனா கூலி வரும்ல? அது எங்க?"

"அதத்தான் பாக்கணும். கீபோர்டு இருக்கா?"

இருந்தது. அதன்மேலும் தூள். க்ளெல் தட்டித் துடைத்துச் சொருகி, எதையோ அடித்தான். பச்சை வரிகள் நின்று, திரையில் கெஸ்லர் செட் பண்ணிக் கொடுத்த நாலைந்து வரிகள் வந்தன. க்ளெல் வாசித்தான். பிறகு ஒதுங்கிக்கொண்டு, ஆர்மிந்தாவை வாசிக்க விட்டான்.

கணக்கு: கெஸ்லர்.

தொழிலாளி: இலவசம்.

"இது என்ன?" என்றார் லான்ஸோ. "கண்ணாடி கொண்டு வரல. வாசிங்களேன்."

ஆர்மிந்தா வாசித்தாள். முதலில் சத்தமாக, இரண்டாவது வரியில் குரல் இறங்கி.

"மெஷினுக்கு நமக்குப் புடிச்ச பேர வச்சுக்கலாம்" என்றான் க்ளெல். "அவன் வச்ச பேரு இது. வெட்டின காசு எல்லாம் அன்னன்னைக்கு அவன் பைக்குப் போயிருக்கு. ஒரு பைசா இந்த அறைக்குள்ள வரல. உங்களுக்குச் சாவி, ரகசிய வார்த்த ஏதாவது எழுதிக் குடுத்தானா?"

"சாவியா?"

"குடுக்கலல்ல."

 லான்ஸோவின் தாடிக்குள் உதடு எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பதுபோல அசைந்தது.

"ஆனா அவனுக்கும் செலவுதான?" என்றார் கடைசியில். "கரண்டு கம்பெனி லைன்ல இருந்துதான வருது. அவன் பில்லு கட்டுறான். அதுல ஒரு ஞாயம் இருக்கு."

ஆர்மிந்தாவுக்கு அந்த வேலையைச் செய்ய மனமில்லை. ஆனால் அதற்குத்தான் மலையேறியிருந்தாள்.

"க்ளெல், சொல்லு."

"கம்பெனி லைன் வெட்டி ரொம்ப நாளாச்சு பிரதர்" என்றான் க்ளெல், தரையைப் பார்த்துக்கொண்டு. "இந்த விளக்கறைக்கும் வாட்ச்மேன் வீட்டுக்கும் அந்தக் காலத்துல ஒரே கேபிள்னு நான் கம்பம் ஏறுறப்பவே பழைய ஆளுங்க சொல்லுவாங்க. மண்ணுக்கடியில ஓடுது. கம்பெனி போனப்புறம் அந்த வீட்டுக் கம்பத்துல புது மீட்டர் வச்சாங்க. கேபிள யாரும் வெட்டல. இங்க எரியிறது எல்லாம் அந்த மீட்டர்லதான் ஏறுது."

"வாட்ச்மேன் வீட்டுலயா?" என்றார் லான்ஸோ. பிறகு, "எஸ்டிலா?"

"நாளைக்கு மதியம் அவருக்குக் கரண்ட வெட்டுறாங்க" என்றாள் ஆர்மிந்தா.

லான்ஸோ இரைந்துகொண்டிருந்த இயந்திரங்களைத் திரும்பிப் பார்த்தார். தினம் சாயங்காலம் எஸ்டிலின் சாம்பலை அள்ளிக் கொட்டியவர். ஒருநாளும் எஸ்டில் அவரிடம் பில்லைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இந்த மலையில் ஆம்பிளைகள் அதைப் பேசுவதில்லை. இவரும் இயந்திரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. காசைக் கையில் வாங்கி, ஒரேயடியாகப் போய்க் கொடுக்கலாம் என்று.

க்ளெல் பெரிய சுவிட்சின் பக்கம் கையை நீட்டினான்.

"தொடாத!" லான்ஸோ எழுந்தேவிட்டார். வாளி உருண்டது. "யாரும் சாகலயே இன்னைக்கு!"

"நாளைக்குச் சாவாரு" என்றாள் ஆர்மிந்தா.

லான்ஸோ தொப்பியைக் கழற்றினார். தானே போய்ச் சுவிட்சை இறக்கினார்.

*

எஸ்டில் எல்லாவற்றையும் கண்ணை மூடியபடி கேட்டார். சொன்னது லான்ஸோதான், ஆர்மிந்தாவைப் பேச விடவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே, ஒன்று விடாமல் சொன்னார். முடித்ததும் கட்டிலின் கால்பக்கம் நின்றார். சாபத்துக்குக் காத்திருப்பவர் மாதிரி.

"அதுல எனக்கு எத்தன பங்கு?" என்றார் எஸ்டில்.

"பதினொண்ணுல ஒண்ணு."

எஸ்டிலின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஆர்மிந்தா எட்டிப் பார்த்தாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், லான்ஸோ ஓடிப்போய் முதுகைத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

"என் மூச்ச வித்து... எனக்கே பங்கு வச்சிருக்கான் பாரு" என்றார் எஸ்டில், பேச முடிந்ததும். "கிறுக்குப்பய. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடா?"

"நீ சொன்னியா?"

"நானும் சொல்லல."

"பில்ல என் பேருக்கு மாத்தச் சொல்லு மிந்தி" என்றார் லான்ஸோ. "ஜெயில்ல போட்டாலும் சரி. இப்பவே போனப் போடு."

அவள் போட்டாள். அலுவலகத்துப் பெண் இந்த முறையும் மரியாதையாகத்தான் பேசினாள். கண்டுபிடித்ததற்குப் பாராட்டக்கூடச் செய்தாள். பிறகு, அவருடைய மீட்டர் எண் என்ன என்றாள்.

"பிரதர், உங்க மீட்டர் நம்பர்?"

லான்ஸோ விழித்தார். "எனக்கேது மீட்டரு? வீடு போனப்புறம் தங்கச்சி வீட்டுக்குப் பின்னாடி ஒரு ட்ரெய்லர் வண்டிக்குள்ளதான இருக்கேன். அவ வீட்டுலேருந்து ஒரு ஒயர் இழுத்திருக்கு."

ஆர்மிந்தா அதைச் சொன்னாள். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். சொந்தப் பெயரில் மீட்டர் இல்லாதவர் பெயருக்கு பில்லை மாற்ற வழியில்லை என்றாள் பெண்.

"அப்ப அந்தக் கரண்டுல காசு பாத்தவன் பேருக்கு மாத்துங்க. கெஸ்லர்னு ஒருத்தன்."

அதற்குக் கோர்ட் உத்தரவு வேண்டும் என்றாள் பெண். அதற்கு மாசக்கணக்காகும். தன்னால் முடிந்தால் செய்திருப்பேன் என்றும் சொன்னாள். குரலைக் கேட்டால் அது பொய்யாகத் தெரியவில்லை. பாக்கியில் இரண்டு மாதப் பணத்தை இப்போதே கட்டினாலாவது வெட்டுவதை நிறுத்தி வைக்க முடியுமா என்று ஆர்மிந்தா கேட்டாள். முழுதும் கட்டினால்தான் என்று பதில் வந்தது.

போனை வைத்தாள். யாரும் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. அவள் முகத்திலேயே எல்லாம் இருந்தது.

"சிலிண்டர் எத்தன இருக்கு?" என்றார் லான்ஸோ.

"கட்டிலுக்குப் பின்னாடி ஒண்ணு" என்றார் எஸ்டில். "அதுவும் பாதி."

லான்ஸோ மண்டியிட்டு, கட்டிலுக்குப் பின்னாலிருந்து அந்தச் சிலிண்டரை வெளியே இழுத்து, முள்ளைப் பார்த்தார். கண்ணாடி இல்லாததால் க்ளெல்லிடம் காட்டினார். க்ளெல் பார்த்துவிட்டு, "ஒரு ராத்திரிக்கு வரும், கம்மியா வச்சா" என்றான்.

"கம்மியா வை" என்றார் எஸ்டில். "எனக்கு எங்கயும் ஓட வேண்டியதில்ல."

ஆர்மிந்தா வெளியே வந்தாள். படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். பள்ளம் முழுக்க அமைதி. க்ளெல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.  

"கேஸ் முடிஞ்சுதா?" என்றான்.

"முடிஞ்சுது. யாரு, எங்க, எப்படி, எல்லாம் கண்டுபிடிச்சாச்சு."

"அந்த மெஷினுகள வித்தா?"

"தூள் ஏறின மெஷின எவன் வாங்குவான்?"

"சபையில கேட்டா?"

"சபையில எல்லாருக்கும் இவர மாதிரியேதான் நெலம."

க்ளெல் போனை எடுத்து, கெஸ்லரின் பழைய கம்பெனி எண்ணை அடித்துப் பார்த்தான். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. இன்னொரு தடவை அடித்தான். அதே குரல்.

"எவ்வளவு வரும்?" என்றான். "எல்லாம் சேத்து?"

ஆர்மிந்தா சட்டைப் பையிலிருந்த பில்லை எடுத்துப் பார்க்கவில்லை. அது மனப்பாடமாகிவிட்டிருந்தது.

"கெஸ்லர் எஸ்டில் நேப்பியருக்குத் தர வேண்டியது நாலாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு டாலர்" என்றாள்.